பைலின் கோபுரத்தின் உட்படிக்கட்டு

மரம் தான் சுமந்ததை மறப்பதில்லை என்பதை ஜெசிந்தா மச்சாடோ முதன்முதலில் கண்டது ஒரு தோணியில். எழுபது வருடம் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போய்வந்து, கடைசியில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கரையேற்றிப் போட்டிருந்த தோணி அது. அதன் அடிப்பலகைகளில் எங்கெங்கே பலம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்காக அவள் ஒரு கருவி செய்திருந்தாள். பலகைக்குள் மெல்லிய கதிரை அனுப்பி, மரத்தின் நுண்ணறைகள் எவ்வளவு நசுங்கியிருக்கின்றன என்று அது காட்டும். மூன்றாம் நாள் வேலையில் அவளுக்கு வேறொன்று தெரியவந்தது. அறைகள் ஒரேயடியாக நசுங்கியிருக்கவில்லை. மேலே ஏறி இறங்கிய ஒவ்வொரு பாரமும் தனித்தனியாக ஒரு சுவடு விட்டிருந்தது. வெயிலுக்கு விரிந்து மழைக்குச் சுருங்கிய அடையாளங்கள் அந்தச் சுவடுகளுக்கு நடுவே நாட்காட்டி போலக் கிடந்தன. வெங்காய மூட்டை ஏற்றிய நாளும், சிமெண்ட் ஏற்றிய நாளும், வேலை கிடைக்காமல் நங்கூரத்தில் நின்ற மாதங்களும் எல்லாம் அதில் இருந்தன.

கருவிக்குச் சுமைமானி என்று பெயர் வைத்தாள். அதில் ஒரு குறை இருந்தது. கதிர் பட்டதும் மரம் இளகி, நசுங்கிய அறைகள் பழையபடி நிமிர்ந்துவிடும். படித்த சுவடு படித்ததோடு அழிந்துபோகும். எந்த மரத்தையும் ஒரே ஒரு முறைதான் படிக்கலாம். அதற்குப் பிறகு அந்த மரம் சொன்னது படித்தவரின் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

அந்தக் குறையையே வரமாகப் பார்த்தவர்கள் சீனாவில் இருந்தார்கள். ஷான்சி மாகாணத்தின் வடக்கே, சோளக் கொல்லைகளுக்கு நடுவில், பைலின் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் லியாவ் அரசர்கள் காலத்தில் கட்டிய, பகோடா என்னும் மரக்கோபுரம் ஒன்று நிற்கிறது. எண்கோண வடிவம். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து தளம். உள்ளே போனால் ஒவ்வொரு இரண்டு தளத்துக்கும் நடுவில் சன்னலில்லாத இருட்டுத் தளம் ஒன்று ஒளிந்திருக்கும். ஆக மொத்தம் ஒன்பது. அதில் ஆணி கிடையாது. ஒன்றோடொன்று கோத்த மரக்கைகள்தான் கூரைகளைத் தாங்குகின்றன. நிலம் நடுங்கினால் அந்தக் கைகள் கொஞ்சம் நெகிழ்ந்து, கொஞ்சம் உரசி, மறுபடி தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இரண்டாம் தளத்துத் தூண்கள் வடகிழக்காகச் சாய ஆரம்பித்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பிரித்துக் கட்டிவிடலாம் என்றது ஒரு கட்சி. பிரித்தால் திரும்பச் சேராது, முட்டுக் கொடுப்போம் என்றது இன்னொரு கட்சி. நசுங்கிய மரத்தை நின்ற இடத்திலேயே நிமிர்த்த ஒரு வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஜெசிந்தாவுக்குக் கடிதம் எழுதினார்கள்.

"ஒரு பக்கோடாவுக்காக ஆறு மாசமா?" என்று அவள் கணவன் கிளாட்வின் கேட்டான். ஆனாலும் விமான நிலையத்துக்கு அவன்தான் கொண்டுவந்து விட்டான்.

சீன மொழி அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. காதில் மாட்டும் மொழிபெயர்ப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதற்குத் தமிழ் பழக்க, கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதமும் அவள் அதை மாட்டிக்கொண்டே வீட்டில் நடமாடியிருந்தாள். சந்தையில் மீன் பேரம் பேசியதும், அக்காவோடு சண்டை போட்டதும் எல்லாம் அதற்குள் போயிருந்தது. அதனால் பைலினில் வந்து இறங்கியபோது ஊர் முழுவதும் அவள் காதில் தூத்துக்குடித் தமிழ் பேசியது. கோபுரச் சீரமைப்பின் தலைவர், காங் என்ற கண்டிப்பான மனிதர், கைகுலுக்கிவிட்டு, "வாங்க, சாப்ட்டாச்சா, பிரயாணம்லாம் சொகந்தான?" என்றபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேலை முதல் தளத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு தூணையும் படித்து, கோப்பில் பதிந்து, நிமிர்த்திக்கொண்டே மேலே போக வேண்டும். ஒரு தூண் நிமிர்ந்தால் அதன் ஆயிரம் வருடமும் அழிந்துவிடும். கோபுரம் நிற்க வேண்டுமானால் அது சுமந்ததையெல்லாம் மறந்தாக வேண்டும் என்பதை காங் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு தூணின் முன்னாலும் ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அனுமதிக் கையெழுத்துப் போட்டார்.

பழைய காலத்துக்குப் போகப் போக நாள் மங்கி மாதமாகும், மாதம் மங்கி வருடமாகும். ஆனாலும் மரம் நிறையச் சொன்னது. நானூறு வருடத்துக்கு முன் ஒரு நிலநடுக்கம் ஏழு நாள் விட்டு விட்டு உலுக்கியிருந்தது. ஒரு போரில் குண்டு ஒன்று மேல்தளத்தைத் துளைத்து மறுபக்கம் போயிருந்தது. ஒரு பஞ்ச காலத்தில் முதல் தளத்தில் தானிய மூட்டைகளை அடுக்கி, மூன்று வருடமாக ஒவ்வொன்றாக எடுத்திருந்தார்கள். பிறகு முப்பது வருடத்துக்கு மனிதப் பாரமே இல்லை. கோடைக்குக் கோடை வந்துபோகும் உழவாரக் குருவிகள் மட்டும். ஜெசிந்தாவுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மேற்குத் தூணின் அடியில், புத்தர் சிலைக்கு நேராக, யாரோ ஒருவர் தினமும் காலையில் ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தார். வந்த புதிதில் முப்பது கிலோ இருந்திருக்கிறார். துறவியாகச் சேர்ந்த பையனாக இருந்திருக்க வேண்டும். பிறகு எழுபது வரை போயிருக்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாற்பத்தைந்தில் ஒரு குளிர்காலத்தோடு நின்றுபோயிருந்தார். அறுபத்தெட்டு வருடம். பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இதை அவள் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவள் மியாவ் ஷூலான். கோபுர வளாகத்தைப் பெருக்கும் வேலை அவளுடையது. ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, எப்போதும் சாம்பல் நிறக் கோட்டு. ஜெசிந்தா வந்த முதல் வாரத்திலிருந்தே தினமும் ஒரு குடுவையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, துடைப்பத்தை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். ஊர்க்காரர்கள் யாரும் அவளோடு பேசி ஜெசிந்தா பார்த்ததில்லை. அதனாலேயே ஜெசிந்தா அவளோடு பேச ஆரம்பித்தாள், அக்கா என்று கூப்பிடவும் ஆரம்பித்தாள்.

அந்தத் துறவியின் கதையைக் கேட்டுவிட்டு ஷூலான் துடைப்பத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு எடத்துல எத்தன பேரு நின்னாவன்னு இது சொல்லுமா?" என்று கேட்டாள்.

"சொல்லும்க்கா. ரொம்பப் பழசுன்னா சரியா வராது. இருவது முப்பது வருசம்னா ஆள் ஆளாப் பிரிச்சே சொல்லும். எந்தப் பக்கம் இருந்து வந்தாங்கன்னுகூடச் சொல்லும்."

ஷூலான் தலையாட்டிவிட்டு எழுந்து பெருக்கப் போய்விட்டாள்.

அதற்குள் சுமைமானியின் செய்தி ஊருக்குள் பரவியிருந்தது. ஒரு வாரத்துக்குள் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் தன் தாத்தாவின் நாற்காலியைக் கொண்டுவந்தார், யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பதற்கு. ஒரு பெண் தன் மாமியார் வீட்டு வாசல்படியைப் பெயர்த்தே எடுத்து வந்துவிட்டாள். லூ என்ற அறுபது வயதுக்காரர் மூன்று சக்கர வண்டியில் ஒரு கட்டில் பலகையோடு வந்தார். இளமையில் இரண்டு வருடம் தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தாராம். அந்த இரண்டு வருடமும் அந்தக் கட்டிலில் ஒருவர் படுத்தாரா, இருவரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். மனைவி போன வருடம் இறந்துவிட்டாள் என்றும் சொன்னார். ஜெசிந்தா முடியாது என்றாள். அவர் கோபப்படவில்லை. பலகையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக் கயிறு கட்ட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அவள் உதவப் போனபோது வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

அன்று கிளாட்வினோடு பேசும்போது இதைச் சொன்னாள். அங்கேயும் அப்படித்தான் என்றான் அவன். ஒரு கொலை வழக்கில் வீட்டு மாடிப்படியைப் படித்துச் சொல்ல முடியுமா என்று மதுரை வக்கீல் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டாராம். நான் செய்தது பலகையின் பலம் பார்க்கும் கருவி, அது எப்படி இப்படிப் போயிற்று என்று ஜெசிந்தா கேட்டாள். கோபுரத்தின் மரத்தைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று மறுநாள் காங் வாசலில் எழுதி ஒட்டினார்.

அறிவிப்பு ஒட்டிய அன்றுதான் ஷூலான் தன் கதையைச் சொன்னாள். அவள் படிக்கச் சொன்னதும் கோபுரத்து மரத்தைத்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், சித்திரைத் திருவிழாச் சந்தை நாளில், பட்டப்பகலில் ஒரு நிலநடுக்கம் வந்தது. பெரிய நடுக்கம் அல்ல. ஆனால் மூன்றாம் தளத்தின் வடகிழக்கு மூலை உடைந்து விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஒரு நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் மேலே விடக்கூடாது என்பது விதி. அன்று மேலே இருந்தவர்கள் அறுபத்தொன்பது பேர். முன்படிக்கட்டில் ஆட்களை எண்ணி அனுப்பும் காவலர் ஹான் தேமிங், ஷூலானின் கணவர். முதல் நாள் விசாரணையில் முப்பத்தெட்டு பேரைத்தான் விட்டேன் என்றார். மறுநாள் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று மாற்றிச் சொன்னார். தளம் விழுந்து மீட்புப் படை வரும் வரை நாற்பது நிமிடம் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, பயந்துபோய் ஒளிந்திருந்தேன் என்றார். ஆறு வருடம் சிறை. திரும்பி வந்து மூன்று வருடம் இருந்தார், பிறகு நுரையீரல் நோயில் போய்விட்டார். அப்போது ஐந்து வயதாக இருந்த மகள் யூ, பள்ளியில் ஒளிந்தவன் மகள் என்று பெயர் வாங்கியே வளர்ந்தாள். பெரியவளானதும் அப்பாவின் குடும்பப் பெயரை நீக்கிவிட்டு அம்மாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். இப்போது மாகாணத் தலைநகர் தையுவானில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அப்பாவின் கல்லறைக்கு ஒரு முறைகூட வந்ததில்லை.

உடைந்த அந்த விட்டம் எண் போட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதையும் நிமிர்த்தித் திரும்பப் பொருத்துவதுதான் திட்டம். அடுத்த மாதம் எப்படியும் அதைப் படித்தாக வேண்டும்.

"அதப் படிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்" என்றாள் ஷூலான்.

ஜெசிந்தா யோசித்தாள். அறுபத்தொன்பது பேரும் முன்படிக்கட்டு வழியாகத்தான் வந்தார்கள் என்று மரம் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே நம்பிக்கையும் போய்விடும். அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"சொன்னா சொல்லட்டும்" என்றாள் ஷூலான்.

விட்டத்தைப் படித்த அன்று கொட்டகையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சந்தை நாளின் காலையைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரமானது. அதன் பிறகு எல்லாம் தெளிவாக இருந்தது. முன்படிக்கட்டுப் பக்கமிருந்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, நடுவில் இடைவெளி விட்டு வந்திருந்தார்கள். ஜெசிந்தா எண்ணினாள். முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருந்தது. முப்பத்தொன்று. அந்தப் பக்கத்தில் இருந்தது உட்படிக்கட்டு. இருட்டுத் தளங்களுக்குப் போக வேலையாட்கள் மட்டும் பயன்படுத்தும், ஏணி போலச் செங்குத்தான படி. அதன் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும்.

"உங்க வீட்டுக்காரர் முதல்ல சொன்னது நிசம்க்கா" என்றாள் ஜெசிந்தா. சந்தோஷத்தில் திரையை ஷூலான் பக்கம் திருப்பினாள். "முப்பத்தெட்டுதான். மத்தவங்க வேற வழியா வந்திருக்காங்க. யாரோ உட்கதவத் தொறந்துவிட்டிருக்காங்க."

ஷூலான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்தது நாந்தான்" என்றாள்.

அப்போது உட்படிக்கட்டின் சாவி அவளிடம் இருந்தது. இருட்டுத் தளங்களைத் துடைக்கும் வேலை அவளுடையது. அன்று காலை லியூவான் என்ற தொலைதூரக் கிராமத்திலிருந்து ஒரு பேருந்து வந்திருந்தது. ஆற்று வெள்ளத்தில் அறுவடை முழுவதும் போன கிராமம். மேலே இருக்கும் புத்தரிடம் வேண்டிக்கொண்டு போக வந்தவர்கள், மத்தியானம் வரை வரிசை நகரவில்லை. பேருந்து திரும்ப வேண்டிய நேரமாகிவிட்டது. வயதான ஒரு பெண் படியில் உட்கார்ந்து அழுதாள். ஷூலான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். சீக்கிரம் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள் என்று சொல்லி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, சந்தையில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தேடிப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் நிலம் ஆடியது. இறந்த ஏழு பேரும் லியூவான்காரர்கள்.

"அன்னைக்குச் சாயங்காலம் அவுக அந்தச் சாவிய என் கையில வச்சாவ. ஒண்ணும் கேக்கல. பிள்ளைக்கு ஒருத்தர் வேணும், நீ பேசாம இருன்னு மட்டும் சொன்னாவ. நானும் இருந்துட்டேன்." ஷூலான் துடைப்பத்தின் பிடியைத் தடவிக்கொண்டே பேசினாள். "கதவப் பூட்டிட்டு அங்கனயே ஒளிஞ்சிருந்திருப்பாவன்னுதான் நானும் நெனச்சேன். பயம் யாருக்குந்தான் வராது? மகளுட்ட சொல்லணும்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். சொன்னா எனக்கு அவளும் இல்லாமப் போயிருவா. அதான் சொல்லல. மரம் சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

சுவடுகள் அழிந்துவிட்டன. இனி அந்த எண்கள் அவள் கோப்பில் மட்டும்தான் இருந்தன. முப்பத்தெட்டையும் முப்பத்தொன்றையும் கூட்டி, அறுபத்தொன்பது என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் காங் கையெழுத்துப் போட்டுவிடுவார். யாரும் கேட்கப்போவதில்லை. ஷூலானுக்கு அது புரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளத அப்படியே எழுது தங்கச்சி. எம் மகளுக்கும் நீதான் காட்டணும். எனக்குத் தைரியமில்ல."

யூ மூன்றாம் நாள் ரயிலில் வந்தாள். இருபத்தேழு வயது. குட்டையாக வெட்டிய முடி, நகக் கண்களில் இன்னும் போகாத எந்திர எண்ணெய்க் கறை. ஜெசிந்தா திரையைக் காட்டி விளக்கிய பத்து நிமிடமும் அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே ஜெசிந்தா காதிலிருந்து மொழிபெயர்ப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கொட்டகைக்குள்ளிருந்து கேட்டது ஒரே ஒருத்தியின் குரல்.

இரண்டு நாள் மகள் அம்மாவோடு பேசவில்லை. ஊர் விடுதியில் தங்கியிருந்தாள். மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்புவதாக இருந்தாள். அன்று காலை ஜெசிந்தா உட்படிக்கட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நிலநடுக்கத்தில் அதன் நடுப்பகுதி பெயர்ந்து விழுந்திருந்தது. மேலே சில படிகள், கீழே சில படிகள், நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அப்படியே பூட்டிக் கிடந்தது. கீழிருந்து மூன்றாவது படியின் பலகையைப் படித்தபோது, சந்தை நாளின் மத்தியானத்தில் விசித்திரமாக ஒன்று வந்தது. கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவள் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சொல்லிக்கொண்டு போவதற்காக யூ உள்ளே வந்தாள். பின்னால் ஷூலானும் வந்து வாசலில் நின்றாள்.

யூவின் கண் திரைக்குப் போனது. லிஃப்டுகளில் ஏறி இறங்கும் பாரத்தை அவள் தினமும் இப்படித்தான் கோடுகளாகப் பார்ப்பவள்.

"இது ஒரே ஆளு" என்றாள், அடிக்கோட்டில் விரலை வைத்து. "அறுவத்தாறு கிலோ. நகராம ஒரே எடத்துல நிக்காரு. அவரு மேல யாரோ ஏறுதாங்க. எறங்குதாங்க. மறுபடி வேற ஒருத்தர்."

ஜெசிந்தா கோட்டை நகர்த்தினாள். அறுபத்தாறு. நூற்றுப் பதினேழு. மறுபடி அறுபத்தாறு. நூற்று நாற்பத்தெட்டு. மறுபடி அறுபத்தாறு. மூன்று பேரும் சத்தமில்லாமல் எண்ணினார்கள். முப்பத்தாறு நிமிடத்தில் இருபத்து நான்கு முறை. உட்படிக்கட்டு வழியாக ஏறியவர்கள் முப்பத்தொரு பேர். விழுந்து இறந்தவர்கள் ஏழு பேர்.

நடுவில் ஒரு தடவைகூட அந்த அறுபத்தாறு கிலோ பலகையை விட்டு இறங்கவில்லை.

ஒளிந்திருந்ததாகச் சொன்ன அந்த நேரத்தில் ஹான் தேமிங் நின்றது அங்கேதான். அவர் தோள்மேல் கால் வைத்துத்தான் அத்தனை பேரும் இறங்கியிருந்தார்கள். வெளியே சொன்னால் அவர் எங்கே நின்றார் என்பது தெரியும். எங்கே நின்றார் என்பது தெரிந்தால் அந்தக் கதவை யார் திறந்தது என்று கேட்பார்கள். அதனால் ஒளிந்திருந்தேன் என்று சொல்லிவிட்டார்.

சிறையிலிருந்து வந்த பிறகு அவருக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்று யூ சொன்னாள். துணி காயப்போடும்போது கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கொடியில் போடுவது அவள் வேலை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சிறையில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சோம்பேறியாகிவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே கூடையைப் பிடித்திருந்தாராம். சிறையில் வேலை செய்ததால் வந்த வலி என்றுதான் தன்னிடமும் சொன்னார் என்றாள் ஷூலான். மூன்று வருடமும் ராத்திரி தூங்குவதற்கு முன் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்தது அவள்தான்.

யூ அன்று ரயிலுக்குப் போகவில்லை.

ஜெசிந்தா இரண்டு கோப்புகளையும் காங்கிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். முதல் கோப்பை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பெண்மேல் தப்பு என்று நான் எழுதியிருப்பேன் என்றார். தப்பு அவளுடையதுதான், அதை அவளே ஒத்துக்கொள்கிறாள் என்றாள் ஜெசிந்தா. பிறகு, எவ்வளவு பாரம் என்பதைத்தான் மரம் சொல்கிறது, எதற்காக என்று சொல்வதில்லை, அதைக் கேட்க ஆட்களிடம்தான் போக வேண்டும் என்றாள். மதுரை வக்கீலுக்கும் அதையே எழுதி அனுப்பினாள்.

பதிவுகள் திருத்தப்பட்டது பல மாதம் கழித்துத்தான். ஹான் தேமிங்கின் பெயரிலிருந்து குற்றம் நீங்கியது. காலம் கடந்துவிட்டதால் ஷூலானைத் தண்டிக்கவில்லை, ஆனால் அவள் பெயர் ஏட்டில் ஏறியது. இறந்தவர்களின் குடும்பங்களில் இரண்டு அவளை வந்து பார்த்தன. மற்றவர்கள் வரவே இல்லை. அதற்கெல்லாம் முன்னால், அந்த வாரமே, மூன்று பெண்களும் லியூவானுக்குப் போனார்கள். உயிரோடு இறங்கியவர்களில் ஒருத்தி, சுன்மெய் என்பவள், அங்கே வினிகர் காய்ச்சும் கொட்டகை நடத்துகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

கொட்டகை முழுக்கப் புளிப்பு வாடை. வரிசையாக மண் சாடிகள். சுன்மெய்க்கு நாற்பது வயது இருக்கும். ஷூலானைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிகள் இழுத்துப் போட்டாள். உட்படிக்கட்டைப் பற்றி ஜெசிந்தா கேட்டதும் அவள் முகம் இறுகியது. அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றாள்.

"அவுக போயி பதிமூணு வருசமாச்சு" என்றாள் ஷூலான். "மரம் எல்லாத்தையும் சொல்லிருச்சு. இனி நீங்க பேசலாம்."

சுன்மெய் யூவைப் பார்த்தாள். மகளா என்று கேட்டாள். யூ தலையசைத்தாள்.

அதன் பிறகுதான் சொன்னாள். தளம் விழுந்ததும் மிஞ்சியவர்கள் உட்படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். பாதியில் படி இல்லை. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மரங்கள் முறிகிற சத்தம். அப்போது கீழேயிருந்து ஒரு குரல், கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கப் போடுங்கள், நான் இருக்கிறேன் என்றது. வலது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு இடது தோளைக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவராக மிதித்து இறங்கினார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு முன்வாசல் கூட்டத்தோடு போய் நிற்கச் சொன்னார். உட்படிக்கட்டைப் பற்றி யாரும் எப்போதும் பேச வேண்டாம் என்றார்.

"கிழவி ஒருத்தி அவரு கால்ல விழுந்தா. அதுக்கு அவரு சொன்னாரு. எங்க வீட்டுக்காரி உங்க மேல எரக்கப்பட்டுத்தான் தொறந்தா, அந்த எரக்கத்துக்கு அவள யாரும் குத்தம் சொல்லிரக்கூடாதுன்னாரு." சுன்மெய் ஷூலானைப் பார்க்காமல் சாடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இருவத்து நாலு பேருல இப்ப பதினஞ்சு பேரு இருக்கோம். எங்க பிள்ளைங்களுக்குக்கூட யாரும் சொன்னதில்ல. அவர ஜெயில்ல போட்டப்ப சொல்லிரலாம்னு கெளம்புனோம். அவரே ஆள் அனுப்பி வேண்டாம்னுட்டாரு."

ஷூலான் கோட்டின் கைப்பகுதியால் முகத்தை மூடிக்கொண்டாள். யூ எழுந்து போய் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதுகில் கை வைத்தாள். வெளியே யாரோ சாடி கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு யூ, நீங்கள் எத்தனையாவது ஆளாக இறங்கினீர்கள் என்று சுன்மெய்யிடம் கேட்டாள்.

"கடைசிக்கு முந்துன ஆளு. எனக்குப் பதினெட்டு வயசு. எனக்கு முன்னால போனவங்க எல்லாம் பயத்துல பூட்ஸோட மிதிச்சிருந்தாங்க. நான் செருப்பக் கழத்திட்டேன். அவரு சட்டை கிழிஞ்சு ஈரமா இருந்துச்சு. வேர்வையா ரத்தமான்னு தெரியல. வலிக்குதான்னு கேட்டேன். நீ காத்து மாதிரி இருக்க, எறங்குன்னாரு."

"எங்க மிதிச்சீங்க?" என்று கேட்டாள் யூ.

சுன்மெய் மேலங்கியில் இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, யூவின் இடது பக்கத்தில், உள்ளங்கையை மெதுவாக வைத்தாள். யூ தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.